கேட்காமல் திறந்த கண்

போன வாரம் நீங்கள் வரைந்த குட்டிப் படங்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்து என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். முத்து மாலை ஜொலிக்கிறது, ஜரிகை மின்னுகிறது, மூக்குத்திக் கல்லில் வெளிச்சம் தெறிக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் இத்தனையும் செய்துவிட்டோமே என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதையும் பார்த்தேன். நான் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட்டேன். கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்திருப்பீர்கள். பொறாமையுமில்லை, புண்ணாக்குமில்லை. அந்தப் படங்களில் நகை இருந்தது, துணி இருந்தது, முகம் மட்டும் இல்லை. உங்கள் வயதில் என் வேலையும் அப்படித்தான் இருந்தது. அதனால் என்ன ஆயிற்று என்பதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் எங்கள் பட்டறை. கீழே போட்டோ எடுப்பார்கள், மேலே நாங்கள் வர்ணம் ஏற்றுவோம். கழுத்துப் பதக்கத்துக்குள் வைக்க, மோதிரத்தில் பதிக்க என்று குட்டிப் படங்கள் கேட்டு ஜனங்கள் வருவார்கள். சிலருக்குத் தந்தத் துண்டில் புதிதாக வரைந்து கொடுப்போம். சிலர் கொண்டுவரும் சின்னப் போட்டோவின் மேலேயே நேராக வர்ணம் பூசிக் கொடுப்போம். மேலே வேலை பார்த்தது இரண்டே பேர், நானும் பாயும். அவனுக்குப் பெயர் உண்டு, ஆனால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் பாய்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் முகம் எழுதுவான், நான் துணியும் நகையும் எழுதுவேன், போட்டோவில் விழுந்த குறைகளையும் சரிசெய்வேன். என் நகைக்கு ஊரெல்லாம் பேர். பாயின் முகத்துக்கு ஒரு பேரும் இல்லை, ஏனென்றால் படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தங்கள் வீட்டு மனிதர்கள்தான் தெரிவார்களே தவிர, வரைந்தவன் தெரிய மாட்டான். அதுதான் பெரிய வேலை என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பாயிடம் ஒரு பழக்கம். காலையில் வந்ததும் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து வைத்துக்கொண்டு, மிக மெல்லிய தூரிகையால் நூறு கோடு இழுப்பான். பிறகு ஒரே கருப்பைத் தண்ணீர்விட்டு ஏழு பதமாகக் கரைத்து, அடர்த்தியிலிருந்து வெளுப்பு வரை பூசிப் பார்ப்பான். பிறகு துடைத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவான். பத்து வருஷமாக இதே கதை.

"என்ன பாய், இன்னும் ஒண்ணாங் கிளாஸ் பாஸ் பண்ணலையா?" என்று நான் தினமும் சீண்டுவேன்.

"வாத்தியாரு விட மாட்டேங்கறாரு மாப்ளே" என்பான், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு வாத்தியாரு?"

"இந்தக் கைதான். ராத்திரி தூங்கி எந்திரிச்சா எல்லாத்தையும் மறந்துட்டு வருது."

இன்னொன்றும் செய்வான். எந்தப் போட்டோ வந்தாலும் அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அதே அளவுக்கு, உள்ளது உள்ளபடி பென்சிலில் ஒரு நகல் எடுத்துவிடுவான். மூக்கு கோணலென்றால் நகலிலும் கோணல். கன்னத்தில் அம்மைத் தழும்பு என்றால் நகலிலும் தழும்பு. முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், திருத்துவதெல்லாம் அப்புறம் என்பது அவன் கட்சி. நானோ போட்டோ கையில் வந்ததும் டச்சிங் கத்தியை எடுத்துவிடுவேன். இப்போது உங்களுக்கு அந்தக் கத்தி தெரியாது. போட்டோவில் கருப்பாக விழுந்த இடத்தைப் பூப்போலச் சுரண்டி வெள்ளையாக்கும் சின்னக் கத்தி அது. முசிறிப் பக்கத்து வாழைக்காய் வியாபாரி ஒருவருக்கு நான் மூக்கை நிமிர்த்தி, கன்னக் குழியை நிரப்பிக் கொடுத்தேன். மனிதர் படத்தைப் பார்த்துவிட்டு, "அடடா, இத்தனை நாளா இந்த மொகத்த எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போட்டோவில் இருப்பது குறை, அதைச் சரிசெய்வது நம் வேலை என்றே கை பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாயின் அத்தாவுக்கு உடம்பு மோசமாகி, அவன் பதினைந்து நாள் லீவில் போனான். அவன் போன மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தாள். முப்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர் என்றாள். இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணி மடிப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டியளவு ஒரு போட்டோ. பத்துப் பதினோரு வயதுப் பெண் குழந்தை. முகம் கட்டைவிரல் நகத்துக்கு மேல் இருக்காது.

"எங்க கொழந்தை. விஷ ஜுரத்துல போயிட்டா, ஆறு மாசமாறது" என்றாள். "இது ஒண்ணுதான் இருக்கு. ஏகாதசிக் கூட்டத்துல எவனோ ஒருத்தன் பெட்டியை வெச்சிண்டு படம் புடிச்சிண்டிருந்தான். இவ ஒத்தைக் கால்ல நின்னா. ஆத்துல யாருக்கும் தெரியாம நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். படம் புடிச்சா ஆயுசு கொறையும்பா, கேக்காம பண்ணிட்டேன்னு இப்போ எல்லாரும் என்னைத்தான் சொல்றா."

எடுத்தவன் எந்த ஊர்க்காரனோ, எங்கே போனானோ தெரியாது. ஆக, அந்தக் குழந்தையின் முகம் இந்த உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று அந்தத் தீப்பெட்டியளவு காகிதம். இன்னொன்று பெற்றவள் மனசு. இதை நான் இப்போது சொல்கிறேன். அன்று எனக்கு அது இன்னொரு பதக்கப் படம், அவ்வளவுதான்.

"இதுக்கு வர்ணம் ஏத்திப் பதக்கத்துல வெச்சுக் குடுங்கோ. அவளை அப்படியே பாக்கணும்" என்றாள்.

"அப்படியே என்னம்மா, அதை விட நல்லாவே செஞ்சு தரேன்" என்றேன். என் வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.

முதலாளி, முகவேலை இருக்கிறதே, பாய் வரட்டுமே என்றார். அவன் வரும் வரை ஒரு குட்டி முகத்துக்காகக் காத்திருப்பதா என்று எனக்கு ரோஷம். யுத்தத்தால் போட்டோ கண்ணாடித் தகடு வரத்து நின்றுபோயிருந்தது, இருந்த நாலு தகட்டை முதலாளி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். இல்லாவிட்டால் கீழே கொடுத்து அந்தப் போட்டோவை ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாம். சரி, தகடு இல்லை, பென்சிலும் தாளுமா இல்லை? கால் மணி நேர வேலை. செய்யவில்லை. எனக்கு முகத்தைப் பார்த்து அப்படியே எழுத வராது. வராத வேலை என்பதால் அதை வேண்டாத வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். உண்மை அதுதான், இப்போது சொல்வதற்கென்ன வெட்கம்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் ஒரு கண் பாதி மூடியிருந்தது தெரிந்தது. சரி, படம் எடுக்கும்போது பிள்ளை கண் சிமிட்டிவிட்டது என்று நினைத்தேன். அது எங்கள் தொழிலில் தினம் வருவது. வாரத்துக்கு நாலு பேருக்காவது கண் திறந்துவிடுவேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தால் அது மற்றதோடு சேராமல் தனியாகத் தெரியும். அதனால் இரண்டையும் சுரண்டிவிட்டு ஜோடியாகப் புதிதாக எழுதுவதுதான் என் வழக்கம். சுரண்டினேன். அதன் மேல் கெட்டி வெள்ளை வைத்து, அழகாக, வண்டு போல இரண்டு கண் எழுதினேன். முகம் கொஞ்சம் வெறிச்சென்று தெரிந்ததால் கழுத்தில் இரட்டை வடம், காதில் சிவப்புக்கல் தோடு, நெற்றியில் சுட்டி என்று போட்டு நிரப்பிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "பலே" என்றார்.

மாமி வாங்கிக்கொள்ள வந்தாள். பதக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"இது யாரு?" என்றாள்.

"உங்க பொண்ணுதாம்மா."

"அவ கண்ணு எங்கே?"

"ரெண்டு கண்ணும் இருக்கேம்மா. நல்லாப் பாருங்க."

"அவளுக்கு ஒரு கண்ணு முழுக்கத் திறக்காது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். சித்தே தூங்கறாப்பல இருக்கும். எல்லாரும் கேலி பண்ணுவா. அதுதானே அவ..." என்றாள்.

அந்த நிமிஷம் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அங்கேயே அவளை உட்கார வைத்து, எந்தக் கண், எவ்வளவு மூடியிருக்கும், இமை எப்படி இருக்கும் என்று கேட்டுக் கிறுக்கியாவது வைத்திருக்க வேண்டும். நானோ முதலாளி பார்க்கிறாரே என்று பயந்து, "அதெல்லாம் நாங்க சரி பண்ணித்தாம்மா குடுக்கறது, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க" என்று பேசினேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் புத்தி வந்திருக்கும். பதக்கத்தை மூடினாள். "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணினேள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பாய் திரும்பி வந்தான். அவனிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன். கேட்டுக்கொண்டே கையை நீட்டினான்.

"பென்சில் நகல் எங்க?"

"எடுக்கலை."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். "அப்ப அந்தப் புள்ள மொகம் இப்ப எங்கதான் மாப்ளே இருக்கு?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, ஒரு குழந்தையை ஆண்டவன் ஒரு தடவை எடுத்துக்கொண்டான், மிச்சமிருந்ததை நான் கத்தியை வைத்துச் சுரண்டி எறிந்துவிட்டேனே என்று உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி. தாளை எடுத்துக்க, ஸ்ரீரங்கத்துக்குப் போ. அந்தம்மா மனசுல இன்னும் இருக்குல்ல, கேட்டுக் கேட்டு வரை. நானும் வேணா வரேன்" என்றான்.

"நீ வர வேணாம். என் தப்பு, நானே சரி பண்றேன். ஆனா எனக்கு மொகம் வராதே பாய். முதல்ல கத்துக்கறேன், அப்புறம் போறேன்."

"கோணலா வந்தாலும் பரவாயில்ல. இன்னிக்கே போ."

நான் போகவில்லை. மறுபடியும் ஒரு குப்பையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பதா, உருப்படியாகக் கற்றுக்கொண்டு போவதுதான் மரியாதை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அது வெறும் வெட்கம். அவளை ஏறெடுத்துப் பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் காலை நானும் ஒரு கண்ணாடிச் சில்லோடு பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முதல் நூறு கோட்டில் ஒன்றுகூட நேராக இல்லை. பத்து வருஷ அனுபவஸ்தன், முத்துமாலையில் புலி, ஒரு கோடு இழுக்கக் கை நடுங்குகிறது! பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கோடு, பிறகு ஏழு பதம் கருப்பு, பிறகு முட்டை வடிவம், பிறகு பார்த்தது பார்த்தபடி பென்சில். நகை பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். முகம் ஓரளவு பிடிபட ஒன்றரை வருஷம் ஆயிற்று. நன்றாகக் கேளுங்கள், ஒன்றரை வருஷம். அடிப்படை கைவர அத்தனை நாள் பிடிக்கும், யாராலும் அதைக் குறைக்க முடியாது. தேவை வந்து கதவைத் தட்டிய பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டால், கற்று முடிக்கும் வரை அந்தத் தேவை வாசலில் நிற்காது. நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த புத்திமதி இவ்வளவுதான். மிச்சத்தையும் கேட்டுவிடுங்கள்.

பாயே ஒரு நாள் என் நகலைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது போ" என்றான். முதலாளியிடம் ஒரு தந்தத் துண்டு வாங்கிக்கொண்டு, தூரிகை, வர்ணம், பென்சிலோடு ஒரு மத்தியானம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மாமிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கழுத்தில் அதே பதக்கம்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. நீங்க சொல்லச் சொல்லப் புதுசா வரையறேன். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூடத்தில் மணை போட்டு உட்கார வைத்தாள். நெற்றி இவ்வளவு, காது சற்று வெளியே தள்ளினாற்போல, மேலுதட்டுக்கு மேல் ஒரு சின்ன மேடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பென்சில் அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அழித்தேன், எழுதினேன், மறுபடி அழித்தேன். "இன்னும் கொஞ்சம் அகலம்... ஆமா... ஆமா, இப்படித்தான் மோவாயைத் தூக்கிண்டு நிப்பா" என்று அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னபோதும் நான் பென்சிலை நிறுத்தவில்லை. என் கை பொய் சொல்லாமல் வேலை செய்தது அன்றுதான். ஒன்றரை வருஷம் வீணாகவில்லை என்று நினைத்தேன்.

கடைசியாகக் கண். "எந்தக் கண்ணும்மா?" என்று கேட்டேன்.

"இந்த..." என்று கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனாள். இடது கண்ணருகே போன விரல் நின்றது. வலது பக்கம் போயிற்று. அங்கேயும் நின்றது. "தலை பின்னி விடறச்சே கண்ணாடியிலதான் அவ மூஞ்சியைப் பாத்துண்டே இருப்பேன். கண்ணாடியில இந்தப் பக்கம்னா... இல்லையே, எதிர்த்தாப்பல உக்காந்து சாப்பிடறச்சே..." அவள் முகம் வெளுத்தது. "ஏன்னா, இங்கே வாங்கோளேன்! நம்ம கொழந்தைக்கு எந்தக் கண்ணு?"

உள்ளேயிருந்து அவர் வந்து நின்றார். மடப்பள்ளிப் புகையில் சிவந்த கண்கள். "நான் ஆத்துக்கு வரச்சே அவ தூங்கிண்டிருப்பா. கார்த்தாலே எழுந்திருக்கறதுக்கு முன்னாடி போயிடுவேன். ரெண்டும் மூடியிருக்கற முகம்தான்டி எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் பதக்கத்தைத் திறந்து பார்த்தாள். "இதைத்தான் தினம் பாத்துண்டிருக்கேன். இப்போ அவளை நெனைச்சா இந்த ரெண்டு கண்ணும்தான் முன்னாடி வந்து நிக்கறது. பெத்தவ மறப்பாளா? நான் மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே மாத்தினேள்? உங்க கைதானே? உங்களுக்குத் தெரியாம இருக்குமா? சொல்லுங்கோ, எந்தக் கண்ணு?"

எனக்குத் தெரியாது. எந்தக் கண் என்று நான் கவனித்து வைக்கவே இல்லையே. கை பாட்டுக்குச் செய்த வேலை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது" என்றேன்.

"இடது! ஆமா, இடதுதான்!" என்றாள். அவள் தோள் இறங்கியது. உள்ளே பார்த்து, "கேட்டேளா, இடது கண்ணுதான்! நான் அப்பவே சொல்லலை?" என்று குரல் கொடுத்தாள். அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

தந்தத்தில் முகத்தை முடித்து இமைக்கு ஒரே ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்கவில்லை. அவள் அதை வாங்கிப் பார்த்து, "வந்துட்டா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதக்கத்திலிருந்த பழைய போட்டோவை நகத்தால் நெம்பி எடுத்து, "இது நேக்கு வேண்டாம், நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ" என்று என்னிடம் கொடுத்தாள். நான் சரியாகச் செய்தேனா, தப்பாகச் செய்தேனா என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் உங்களுக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை பட்டறையில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஈரப் பஞ்சை எடுத்து, அந்தப் போட்டோவின் மேலிருந்த என் வர்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தான். இரட்டை வடம் போயிற்று, தோடு போயிற்று, நெற்றிச்சுட்டி போயிற்று. அடியில் அந்தக் குழந்தையின் நெற்றி வந்தது, மாமி சொன்ன அந்த மேலுதட்டு மேடு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக் கண் இருந்த இடத்தை இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இடது பக்கமும் வெறும் காகிதம், வலது பக்கமும் வெறும் காகிதம்.